நோட்டீஸ் வந்த பிறகு பேனாவை எடுக்காதீர்கள்

மருத்துவர்கள் தரப்பில் நுகர்வோர் ஆணையங்களில் வாதாடுவது என் தொழில். கோப்பும் கையுமாக வரும் இளம் மருத்துவர்களைக் கண்டால் அனுதாபத்துக்கு முன் எரிச்சல்தான் வருகிறது. அவர்களுடைய பேராசிரியர்கள் மாட்டிக்கொண்ட அதே இடங்களில்தான் இவர்களும் வந்து நிற்கிறார்கள். பஞ்சை வயிற்றுக்குள் வைத்துத் தைக்கக்கூடாது என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுபோன்றவற்றை விட்டுவிடுகிறேன். வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை.

கேஸ் ஷீட்டில் பின்னால் சேர்ப்பது

குற்றமே செய்யாத மருத்துவரையும் தோற்கடிக்க இது ஒன்றே போதும்.

சட்டம் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நோயாளி இறந்துவிட்டார் என்பதாலேயே அலட்சியம் நிரூபணமாகிவிடாது. அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள இன்னொரு மருத்துவர் ஏற்கக்கூடிய சிகிச்சையை அளித்திருந்தால் போதும். இதைவிடச் சிறந்த வழி ஒன்று இருந்தது என்பது மட்டுமே குற்றமாகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இது. ஆனால் இந்தக் கவசம் முழுவதும் உங்கள் பதிவேட்டை நம்பித்தான் நிற்கிறது.

என்னிடம் வந்த ஒரு கோப்பு. காய்ச்சலோடு சேர்ந்தவர் இரவில் இறந்துவிட்டார். நர்ஸ் குறிப்பில், 2.10-க்கு இரத்த அழுத்தம் இறங்கியது, டாக்டருக்குத் தகவல், 2.20-க்கு டாக்டர் வந்தார் என்று இருந்தது. பத்தே நிமிடம். இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்குமா? ஆனால் வக்கீல் நோட்டீஸைப் பார்த்துப் பதறியவர், இரண்டு வரிகளுக்கு நடுவே நுணுக்கி ஒரு வரி சேர்த்திருந்தார்: "1.45 – அழுத்தம் குறைவு. அபாயம் உறவினரிடம் விளக்கப்பட்டது." மையின் நிறம்கூட வேறு. 1.45-க்கே தெரிந்திருந்தால் 2.20 வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். இல்லாத தாமதத்தைத் தன் கையாலேயே உண்டாக்கியிருந்தார் மனிதர். நோயாளியின் மகனோ அந்தப் பக்கத்தை முன்பே கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அதன் பிறகு அந்தக் கோப்பிலிருந்த உண்மையான வரிகளையும் யாரும் நம்பவில்லை.

திருத்தியே ஆகவேண்டுமா? பழைய எழுத்து படிக்கும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள். பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. எழுத மறந்ததைச் சேர்ப்பதானால், "தாமதமாக எழுதப்படுகிறது" என்று குறிப்பிட்டு, எழுதும் நேரத்தையே போடுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தை நிரப்பாமல் கையெழுத்து வாங்குவது

சேர்க்கும்போதே பத்துத் தாள்களில் கையெழுத்து வாங்கி அடுக்கிவைப்பது ஒப்புதல் ஆகாது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலைக் கொண்டு அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நிற்கும் தாயிடம் கேட்டு கர்ப்பப்பையை அகற்றிய வழக்கு அது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டியதற்கு மட்டுமே விலக்கு உண்டு. வயதுவந்த, சுயநினைவுள்ள நோயாளியிடமே கேளுங்கள்.

நகல் தராமல் இழுத்தடிப்பது

சிகிச்சைப் பதிவேட்டின் நகலை நோயாளி தரப்பு கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்துவிடுங்கள்.

"இலவசமாகத்தானே பார்த்தேன்"

மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், இலவசமாகப் பார்த்தவரும் நுகர்வோரே. உச்ச நீதிமன்றத்தில் 1995-லேயே முடிந்துபோன வாதம்.

ஆணையத்தின் நோட்டீஸை மேசையில் போட்டுவைப்பது

வக்கீல் நோட்டீஸ் வேறு, ஆணையத்தின் நோட்டீஸ் வேறு. பின்னது புகார் நகலோடு கைக்கு வந்த நாளிலிருந்து பதிலுரைக்கு 30 நாள். ஆணையம் மனம்வைத்தால் மேலும் 15. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. மாநாடு, வெளிநாட்டுப் பயணம், மகள் கல்யாணம் என்று எதைச் சொன்னாலும் 46-ஆம் நாள் உங்கள் பதிலுரையை வாங்க மாட்டார்கள்.