கர்ப்பத்தடை பில்ஸ் போடுறீங்களா? ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு எவ்வளவுன்னு ஒரு தடவ பாத்துடுங்க

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா"ன்னு டாக்டர் கேட்டா இல்லன்னு பட்டுனு சொல்லிடுவோம். ஹேண்ட்பேக்குள்ள பில்ஸ் அட்டை கிடக்கும், ஆனா அது ஞாபகத்துக்கே வராது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைன்னாதான் நமக்கு மருந்து. கணையம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போறப்போ இந்த ஒரு "இல்ல" காரணத்தையே மறைச்சிடும்.

பயமுறுத்த வரல. பில்ஸ் போடுற பெரும்பாலானவங்களுக்கு இது வராது. கணைய அழற்சிக்கு பித்தப்பைக் கல்லும் குடியும்தான் முதல் ரெண்டு காரணம், அதுக்கு அடுத்ததா வர்றது ட்ரைகிளிசரைடு. ஏற்கெனவே கொழுப்பு ஏறிக் கிடக்கிற உடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் கலந்த பில்ஸ் சேர்றப்பதான் வம்பு. முழுங்குன ஈஸ்ட்ரோஜன் குடல்லேர்ந்து நேரா லிவருக்குப் போய் இன்னும் நிறைய ட்ரைகிளிசரைடு தயாரிக்க வைக்குது, அது கணையத்துல கொழுப்ப உடைக்கிற லைபேஸ் என்சைம்கிட்ட மாட்டி கொழுப்பு அமிலமா உடையுது, அந்த அமிலம் கணையத்தையே புண்ணாக்கிடுது.

அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்பு டெஸ்ட், எடுத்துடுங்க, வெறும் வயித்துல. வீட்ல யாருக்காவது ட்ரைகிளிசரைடு அதிகம், உங்களுக்கு சுகர், தைராய்டு கம்மி, வெயிட் அதிகம், இதுல எது இருந்தாலும் கட்டாயம் எடுக்கணும். பிசிஓஎஸ்க்காக (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சினை) பில்ஸ் போடுறவங்களும்தான், ஏன்னா அவங்கள்ல பல பேருக்கு இன்சுலின் சரியா வேலை செய்யாது, கொழுப்பும் கூடவே ஏறியிருக்கும். ட்ரைகிளிசரைடு 150 mg/dL-க்குக் கீழ இருந்தா நார்மல். 500 தாண்டிட்டா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேணாம்னுதான் பொதுவா சொல்லுவாங்க. 1000 தாண்டினா கணையத்துக்கு நிஜமாவே ஆபத்து. நம்பர் கொஞ்சம் ஏறியிருந்து டாக்டர் பரவால்லன்னு மாத்திரை குடுத்தாலும், சில வாரம் கழிச்சு திரும்ப ஒரு தடவ பாத்துக்கோங்க, இதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

சரி, வலி எப்படி இருக்கும்? மேல்வயித்துல, நெஞ்சுக்குழிக்குக் கீழ பிடிச்சு முதுகு வரைக்கும் ஊடுருவிப் போகும், மல்லாந்து படுத்தா தாங்காது, முன்னாடி குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலாம்னு இருக்கும், வாந்தி எடுத்தாலும் வலி குறையாது. இத கேஸ்னு நெனச்சு ஜெலுசில் குடிச்சிட்டு விடியட்டும்னு காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. ஒண்ணும் சாப்பிடாம போங்க.

அங்க ரத்தம் எடுக்கும்போது ட்யூப கவனிச்சுப் பாருங்க. கொழுப்பு ரொம்ப ஏறியிருந்தா கொஞ்ச நேரம் வெச்ச ட்யூப்ல மேல பால் மாதிரி வெள்ளையா நிக்கும், பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். அந்தக் கொழுப்பு சில டெஸ்ட்டையும் குழப்பிடும், கணையத்துக்காகப் பாக்குற அமைலேஸ் டெஸ்ட் நார்மல்னு பொய்யா காட்டலாம், அதனால லைபேஸும் பாத்தாங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. ட்ரைகிளிசரைடும் அன்னைக்கே பாக்கணும். சாப்பாட நிறுத்தினாலே அது மடமடன்னு இறங்கிடும், ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ரிப்போர்ட் வரும்.

சிகிச்சைன்னா சலைன், வலிக்கு மருந்து, தேவைப்பட்டா இன்சுலின் ட்ரிப், சில பேருக்கு ப்ளாஸ்மாவையே (ரத்தத்தோட நீர்ப்பகுதி) மாத்துவாங்க. அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் நம்ம வேலை. வலி போயிடுச்சேன்னு அதே மாத்திரைய திரும்ப ஆரம்பிக்கவே கூடாது. எண்ணெய், இனிப்பு, மதுவெல்லாம் கட், ட்ரைகிளிசரைடக் குறைக்கிற ஃபைப்ரேட் மாத்திரை குடுத்திருந்தா விடாம சாப்பிடணும். அதுக்காக கர்ப்பத்தடையே வேணாம்னு சும்மா இருந்துடாதீங்க. கர்ப்பத்துலயும், அதுவும் கடைசி மூணு மாசத்துல, ட்ரைகிளிசரைடு நல்லா ஏறும், மறுபடி அதே படுக்கைதான். காப்பர் டி-ல ஹார்மோனே கிடையாது. ஈஸ்ட்ரோஜன் இல்லாம ப்ரொஜெஸ்டின்ங்கிற ஹார்மோன் மட்டும் இருக்கிற வழிகளும் இருக்கு, உங்களுக்கு எது ஒத்துக்கும்னு டாக்டர்கிட்ட உக்காந்து பேசுங்க.

இப்பவே ஒரு வேலை பண்ணுங்க, பில்ஸ் அட்டையோட பின்பக்கத்த ஃபோட்டோ எடுத்து ஃபோன்ல வெச்சுக்கோங்க. வலியில பேர் ஞாபகம் வராது, கூட வந்தவங்களுக்கு நீங்க போடுறதே தெரியாம இருக்கலாம். "எத்தினைல் எஸ்ட்ரடயால்"னு (அதுதான் ஈஸ்ட்ரோஜன்) அதுல எழுதியிருந்தா டாக்டருக்கு அது போதும்.