ஞானஸ்நானமும் இரட்சிப்பும்: சண்டைக்குப் போகும் முன் படிக்கும் வரிசை

எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களின் வகுப்பைப் பல வருஷமாக நான்தான் எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லா வயதிலும் இருப்பார்கள். கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. "அக்கா, தண்ணீரில் இறங்கினால்தான் இரட்சிப்பா? விசுவாசித்தால் போதாதா?" கேட்கிறவர் பெரும்பாலும் வீட்டிலோ வேலை இடத்திலோ ஒரு வாக்குவாதத்தை முடித்துவிட்டு நேராக வந்திருப்பார். கையில் ஒரு வசனம் தயாராக இருக்கும். ஒருவரிடம் மாற்கு 16:16 (விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்), இன்னொருவரிடம் எபேசியர் 2:8 (கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்).

ஆமாம், இல்லை என்று நான் உடனே சொல்வதில்லை. எந்த வரிசையில் படிப்பது என்பதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் நிருபங்களை, அதாவது அப்போஸ்தலர் சபைகளுக்கு எழுதிய கடிதங்களை, மூடி வையுங்கள். அப்போஸ்தலருடைய நடபடிகளை எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆள் யார், எப்போது விசுவாசித்தார், எப்போது தண்ணீர், எப்போது பரிசுத்த ஆவி. வசனம் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். சொல்லாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நமக்குத் தெரிந்த உபதேசத்தை வைத்து அந்தக் கோட்டை நிரப்பக் கை துடிக்கும். நிரப்பாதீர்கள்.

2ஆம் அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாள் கூட்டம். மனந்திரும்புங்கள், பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெறுங்கள், ஆவியின் வரத்தைப் பெறுவீர்கள் என்று பேதுரு வரிசையாகச் சொல்கிறார். இதுதான் சட்டம் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். 8ஆம் அதிகாரத்தில் சமாரியர் வருவார்கள். விசுவாசித்தார்கள், ஞானஸ்நானமும் பெற்றார்கள். ஆவியானவர் வந்தது, எருசலேமிலிருந்து பேதுருவும் யோவானும் வந்து கைகளை வைத்த பிறகு. 10ஆம் அதிகாரத்தில் யூதரல்லாத ரோம நூற்றுக்கதிபதி கொர்னேலியுவின் வீட்டில் எல்லாமே தலைகீழ். பிரசங்கம் முடியும் முன்பே ஆவியானவர் இறங்கிவிடுகிறார். இவர்களுக்குத் தண்ணீரை யார் விலக்கலாம் என்று பேதுரு கேட்பது அதற்குப் பிறகுதான். 16ஆம் அதிகாரத்தின் சிறைச்சாலைக்காரனிடம் "விசுவாசி" என்று மட்டும்தான் பவுலும் சீலாவும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ராத்திரியிலேயே, காயங்களைக் கழுவின கையோடு, அவனும் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். ஆவியின் கட்டத்தில் அங்கே கோடுதான். 19ஆம் அதிகாரத்தில் எபேசுவின் சீஷர்கள். யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் மறுபடியும் பெறுகிறார்கள்.

இந்த வரிசையில் ஒருவரை எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள்: மாயவித்தைக்காரன் சீமோன். அவனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றான் என்று 8:13 சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் பேதுரு அவனைப் பார்த்து, உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயிருக்கவில்லை என்கிறார். சீமோனையும் கொர்னேலியுவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒருவனுக்குத் தண்ணீர் இருக்கிறது, புது இருதயம் இல்லை. இன்னொருவருக்குத் தண்ணீருக்கு முன்பே ஆவியானவர் வந்துவிட்டார். வரிசையை வைத்து யாராவது சூத்திரம் எழுதினால், இந்த இரண்டு பேரும் அதில் அடங்க மாட்டார்கள்.

அதே நோட்டில் இன்னொன்றும் தெரியும். ஞானஸ்நானம் தேவையில்லை என்று விட்டுவிட்ட விசுவாசி ஒருவர்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆவியைப் பெற்ற கொர்னேலியுவுக்கும் பேதுரு தண்ணீரைக் கட்டளையிடுகிறார். விசுவாசமே போதும் என்ற கட்சிக்காரர்கள் இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

இப்போது நிருபங்கள். ரோமர் 6:3-4, கொலோசெயர் 2:12, தீத்து 3:5, 1 பேதுரு 3:21 ஆகியவற்றை ஒரே மூச்சில் வாசியுங்கள். இவை எல்லாம் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு எழுதியவை. எழுதியவர்களுக்கு விசுவாசம், தண்ணீர், ஆவி மூன்றும் ஒரே ஆரம்பத்தின் பாகங்கள். நாம் கத்தரிக்கோல் வைக்கும் இடத்தில் அவர்கள் வைக்கவில்லை. இருந்தாலும் அதே பவுல், ஞானஸ்நானம் கொடுக்கக் கிறிஸ்து என்னை அனுப்பவில்லை, சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கவே அனுப்பினார் என்று 1 கொரிந்தியர் 1:17இல் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாக்குவாதத்தில் அதிகம் அடிபடும் இரண்டு இடங்களைப் பற்றி என் கருத்து. மாற்கு 16:16ஐ மட்டும் தூணாக நிறுத்தாதீர்கள். சினாய், வத்திக்கான் என்னும் மிகப் பழைய இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16:8உடன் முடிந்துவிடுகிறது. அந்த வசனத்தின் பின்பாதியும் விசுவாசியாதவனைத்தான் ஆக்கினைக்குட்படுத்துகிறது. தண்ணீரைப் பற்றி அங்கே பேச்சில்லை. அடுத்தது யோவான் 3:5, "ஜலத்தினாலும் ஆவியினாலும்" பிறக்க வேண்டும் என்பது. அந்த ஜலம் ஞானஸ்நானம் என்பவர்கள் உண்டு, சரீரப் பிறப்பு என்பவர்கள் உண்டு. நான் எசேக்கியேல் 36:25-27ஐப் பார்க்கச் சொல்வேன். சுத்தமான ஜலம் தெளிப்பது, புது இருதயம், உள்ளத்தில் ஆவி எல்லாம் அங்கே ஒன்றாக இருக்கின்றன. இஸ்ரவேலின் போதகனாயிருந்தும் இது தெரியாதா என்று இயேசு நிக்கொதேமுவிடம் கேட்பது அப்போதுதான் பொருந்துகிறது.

இதற்குப் பிறகு சபைகளின் நிலைகளுக்கு வரலாம். இங்கே வகுப்பில் பெரும் குழப்பம் வரும். காரணம், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழைப்பது. யாருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது என்பது ஒன்று. கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பது வேறு. குழந்தைக்குக் கொடுக்கிற சபை எல்லாம் தண்ணீரே மறுபிறப்பை, அதாவது ஆவியால் உள்ளம் புதிதாகப் பிறப்பதை, தரும் என்று நம்புகிறது, பெரியவர்களுக்கு மட்டும் கொடுக்கிற சபை எல்லாம் அதை வெறும் அடையாளம் என்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிரெஸ்பிட்டேரியன் சபைகள் குழந்தைக்குக் கொடுக்கின்றன, ஆனால் பெற்ற எல்லாரும் மறுபடி பிறந்துவிட்டார்கள் என்று சொல்வதில்லை. கிறிஸ்துவின் சபை என்னும் பிரிவினர் விசுவாசித்தவரை மட்டுமே முழுக்குகிறார்கள், ஆனால் பாவமன்னிப்பு கிடைப்பது அந்தத் தண்ணீரில்தான் என்கிறார்கள். ஆகவே யாரிடம் பேசினாலும் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கத்தோலிக்கர், திருமுழுக்கின் (ஞானஸ்நானத்துக்கு அவர்கள் வைத்த பெயர்) வழியாகவே மறுபிறப்பு வருகிறது என்பார்கள். 1547இல் அவர்களுடைய திரெந்து சங்கம் அதை விசுவாசத்தின் அருள்சாதனம் (தேவ கிருபையைத் தரும் சடங்கு) என்று அழைத்து, விசுவாசம் இல்லாமல் யாரும் நீதிமானாக்கப்பட்டதில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. இந்தப் பின்பாதியைப் புராட்டஸ்டண்டுகள் அநேகர் கேள்விப்பட்டதே இல்லை. லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், தண்ணீர் தானாக எதையும் செய்வதில்லை, தண்ணீரோடிருக்கிற தேவ வார்த்தையும் அதைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமும்தான் செய்கின்றன என்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குழந்தைக்கும் ஞானஸ்நானம், தைலப் பூசுதல், நற்கருணை மூன்றும் சேர்ந்தே நடக்கும். பாப்டிஸ்டுகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் மறுபிறப்பு முதலில், தண்ணீர் அதன் சாட்சி என்பார்கள். விசுவாசம் முந்தியா மறுபிறப்பு முந்தியா என்பதில் கால்வினைப் பின்பற்றுகிறவர்களுக்கும் வெஸ்லியைப் பின்பற்றுகிறவர்களுக்கும் தனித் தகராறு உண்டு. முன்னவர் மறுபிறப்பு என்பார், பின்னவர் விசுவாசம் என்பார். ஆரம்ப வகுப்பில் நான் அதைத் தொடுவதில்லை.

என் இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 28ஆம் அதிகாரம், ஞானஸ்நானத்தின் பலன் அது கொடுக்கப்படும் அந்த நிமிஷத்தோடு கட்டப்பட்டதல்ல என்கிறது. சீமோனையும் கொர்னேலியுவையும் வைத்துக்கொண்டு நேர்மையாகச் சொல்லக்கூடியது அதுதான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் பக்கத்துப் பிரசங்கிமார் சொல்லும் கல்யாண மோதிர உதாரணம் எனக்குப் பிடிக்காது. மோதிரம் இல்லாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான் என்பார்கள். அது தண்ணீரை மிகவும் மலிவாக்குகிறது. கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்று பவுல் எழுதியதை மோதிரத்தைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள்.

விதிவிலக்குகளைக் கடைசியில் படியுங்கள். இயேசுவோடு சிலுவையில் தொங்கி, ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசு வாக்குப் பெற்ற கள்ளனை முதல் நாளே இழுத்து வந்தால் வகுப்பு நகராது; இறங்கி வர வழியிருந்தும் தண்ணீர் வேண்டாம் என்றவன் அல்ல அவன். ஆனால் வாக்குவாதமாக இல்லாமல் இதே கேள்வி வரும் நேரமும் உண்டு. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு தாய் நின்று, ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோன தன் குழந்தையைப் பற்றிக் கேட்டாள். அப்போது நோட்டை எடுக்கக் கூடாது. தண்ணீரை மிக உயர்வாகப் பேசும் கத்தோலிக்கத் திருச்சபையே, தேவன் இரட்சிப்பைத் திருமுழுக்கோடு இணைத்திருந்தாலும் தாம் அருள்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று தன் மறைக்கல்வியில் சொல்லி, அப்படிப்பட்ட குழந்தைகளை அவருடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது. சீர்திருத்த சபைகளின் டார்ட் சங்கமும், குழந்தையாகவே மரித்த தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைக் குறித்து விசுவாசிகளான பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்று எழுதி வைத்தது. இதை மட்டும் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சபை மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் முறை ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி புதிதல்ல. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும் ரோமின் ஆயர் ஸ்தேவானும் இதற்கே மோதினார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் பெற்றிருந்தால் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் மறுபடி கொடுப்பதில்லை. பாப்டிஸ்டு சபைகள் பொதுவாகக் குழந்தையாயிருக்கையில் பெற்றதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் தேதி குறிக்கும் முன் போதகரிடம் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: என் முந்தைய ஞானஸ்நானத்தை இந்தச் சபை எப்படிப் பார்க்கிறது? தண்ணீரில் என்ன நடக்கிறது என்று நீங்கள் போதிக்கிறீர்கள்? அதற்கு முன் நான் சபையார் முன்னிலையில் எதை அறிக்கையிட வேண்டும்? பதில் எழுத்தில் இருந்தால் வாங்கி, வீட்டில் அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.