ஆல்பம் அட்டைக்கான படத்தைப் பாட்டு வீடியோ எடுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள்

ஒவ்வொரு ஷாட்டும் ஓகே ஆனதும், லைட்டை நகர்த்தும் முன் அதே கேமராவை ஸ்டில் மோடுக்கு மாற்றி நாலைந்து புகைப்படங்கள் எடுத்துவிடுங்கள். பாட்டு வீடியோவும் அதற்குப் பொருந்தும் டிஜிபேக் அட்டையும் (மடித்துத் திறக்கும் அட்டைத்தாள் சிடி உறை) சேர்த்துச் செய்பவர்களுக்கு இது ஒரு முழு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

வீடியோவிலிருந்தே ஒரு ஃப்ரேமை வெட்டி எடுத்தால் போதாதா என்று தோன்றும். சிடி அட்டையின் முன்பக்கம் சுமார் 12 செ.மீ. சதுரம், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட நீளத்துக்கும் அகலத்துக்கும் ஏறக்குறைய 1,417 பிக்சல் வேண்டும். 1080பி ஃப்ரேமின் உயரமோ 1,080 பிக்சல்தான். 4கே ஃப்ரேமில் பிக்சல் போதும், ஆனால் வீடியோவுக்கு வழக்கமாக வைக்கும் 1/50 நொடி ஷட்டரில் ஆடும் கையும் பறக்கும் முடியும் கலங்கியே பதியும். ஸ்டில்லில் 1/250 வைக்கலாம், ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்தால் வீடியோவின் நிறத்துக்கு ஏற்றபடி திருத்துவதும் எளிது. உடை, மேக்கப், வெளிச்சம் எல்லாம் ஒன்றாக இருப்பதால் அட்டையும் வீடியோவும் தானாகவே பொருந்திப்போகும். அப்புறம், பாடகரை ஓரமாக நிறுத்தி, தலைப்புக்கு வெற்றிடம் விட்டும் சில படங்கள் எடுங்கள். பின்னட்டைக்கு ஆளில்லாத பின்னணி மட்டும் ஒன்று கட்டாயம் வேண்டும், பாட்டு வரிசையை அதன்மேல்தான் போடுவீர்கள்.

அட்டை முழுக்க ஓவியமாகவோ எழுத்து வடிவமாகவோ இருந்தால் இது தேவையில்லை. அச்சுக்குப் போகாமல் யூடியூப் தம்ப்நெயிலாக மட்டும் வரும் படத்துக்கு வீடியோ ஃப்ரேமே போதும்.