பவுடர் மாற்றிய கதை

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குத் தினமும் காய்கறி ஏற்றிப் போகிறேன். மலை இறங்கியதும் புழுக்கம் பிடித்துக்கொள்ளும். மல்லிகை வாசனை தூக்கலான பவுடரை, குளித்த ஈரத்தோடு கழுத்திலும் அக்குளிலும் அப்பிக்கொள்வேன். பத்து மணிக்குள் அது வியர்வையில் ஊறி, சுண்ணாம்பு மாதிரி திரண்டுவிடும். அந்தக் கலப்பு நாற்றம் இருக்கிறதே, கிளீனர் தம்பியே "அண்ணே, கண்ணாடிய இறக்குங்க" என்றான்! ஒரு மாதத்தில் அக்குள் சிவந்து எரிந்தது.

தோல் டாக்டர் வாசனைப் பொருளைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டு வாரம் எதுவுமே போடவில்லை, எரிச்சல் அடங்கியது. அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மெந்தால் குளுகுளு என்றிருக்கும், வியர்வையை நிறுத்தாது. டால்க் என்கிற மென்மையான கல் தூள் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. சரி, எதற்கு வம்பு என்று சோளமாவில் செய்த, லேசான சந்தன வாசனைப் பவுடருக்கு மாறினேன்.

இப்போது நன்றாகத் துவட்டி, ஐந்து நிமிடம் ஃபேன் காற்றில் நின்று, உள்ளங்கையில் கொஞ்சமாகக் கொட்டித் தடவுகிறேன். முகத்துக்கு நேரே தட்டினால் மூக்குக்குள் போகும். அக்குளுக்கு மட்டும் வாசனையே இல்லாத பவுடர். தம்பி இப்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறான்.