கோள் நெபுலா விளக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் உயர்தர மாணவர்கள் சிலர் தங்கள் கண்காட்சி மாதிரியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு கம்பி வளையம், அதைச் சுற்றிச் சிவப்பு செலோபேன், நடுவில் குட்டி பல்ப். அட்டையில் 'வளைய நெபுலா' என்று அழகான கையெழுத்து. சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பல வருடங்களுக்கு முன் நான் செய்ததும் இதே கம்பி, இதே செலோபேன்.

கோள் நெபுலா என்பது சாகப்போகும் நட்சத்திரம் கழற்றிவிட்ட ஒளிரும் வாயுக் கூடு; வளைய நெபுலாவும் அதில் ஒன்று. அதற்கும் கோள்களுக்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. யுரேனஸைக் கண்ட வில்லியம் ஹேர்ஷலுக்கு அது கோள் போல வட்டத் தட்டாகத் தெரிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பிழைகள் இருக்கின்றன.

'வெடித்தது' என்று சொல்வது

வெடிக்கவில்லை. கசிந்தது. சூரியனைப் போன்ற, அல்லது அதைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு வரை நிறையுள்ள ஒரு நட்சத்திரம் கடைசிக் காலத்தில் வீங்கிச் செம்பூதமாகிறது. அப்போது அதன் வெளிவாயு செக்கனுக்கு 10 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் மெல்ல மெல்லக் கழன்று போகிறது. மேலே இருந்தது கழன்றதும் உள்ளே இருந்த கரு வெளியே தெரிகிறது. அதிலிருந்து அடிக்கும் காற்று செக்கனுக்கு 1000 கிலோமீற்றரையும் தாண்டும். பின்னால் வரும் வேகக் காற்று முன்னால் போன மந்த வாயுவை மண்வெட்டியால் வழிப்பதுபோலத் தள்ளிக் குவிக்கிறது. வானியலாளர் சன் குவொக்கும் சகாக்களும் 1978இல் சொன்ன விளக்கம் இதுதான். கருவின் வெப்பம் 30,000 பாகை அளவைத் தாண்டும்போது அதன் புற ஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஒளிர ஆரம்பிக்கும். சில பத்தாயிரம் வருடங்களில் எல்லாம் கலைந்துவிடும், நடுவில் ஒரு வெண்குள்ளன், அதாவது அந்தக் கரு மட்டும் மிஞ்சும்.

படத்தில் தெரிவதுதான் வடிவம் என்று நம்புவது

இதைத்தான் என்னால் இன்னும் சகிக்க முடியவில்லை, ஏனென்றால் இதை ஊர் முழுக்கப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

வளைய நெபுலா யாழ் நட்சத்திரத் தொகுதியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக இரண்டு வார இறுதிகளைச் செலவழித்துக் கம்பியை வளைத்து வளையம் செய்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டது: "சேர், இதைப் பக்கத்தாலை பாத்தால் கோடு மாதிரித்தானே தெரியும்? அப்ப வானத்திலை கோடு மாதிரி நெபுலாவும் இருக்குமோ?"

"இருக்கும் பிள்ளை" என்று சொல்லி அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டேன். வெட்கக்கேடு.

அந்தக் கேள்வியில்தான் விடையே இருந்தது. இவையெல்லாம் வெறும் வளையங்கள் என்றால், வானத்தில் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கவேண்டும். நேராக நம்மைப் பார்த்து வட்டமாகத் தெரிவது சில மட்டும்தான். மெலிந்த நீள்வட்டங்களும் கோடுகளும்தான் அதிகமாக இருக்கவேண்டும். வானம் அப்படி இல்லை. சவர்க்காரக் குமிழியை ஊதிப் பாருங்கள். முழுக்க உருண்டைதான், ஆனால் விளிம்புதான் பளிச்சென்று தெரியும். விளிம்பில் நம் பார்வை தோலுக்குள் நீண்ட தூரம் போகிறது, நடுவில் இரண்டு மெல்லிய படலங்களைத் தாண்டினால் சரி. ஒளிரும் வாயுக் கூட்டிலும் இதே கதை. உருண்டை, வளையமாக வேஷம் போடும்.

அப்புறம் சாய்வு. குசினியில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். வாய்ப்பக்கமாகப் பார்த்தால் வட்டம், பக்கத்தால் பார்த்தால் முக்கோணம். இரண்டு நீத்துப்பெட்டிகளை நுனியோடு நுனி சேர்த்துப் பிடித்தால் பக்கத்தால் உடுக்கு, நேரே பார்த்தால் மறுபடி வட்டம். நெபுலாவைச் சுற்றிப்போய்ப் பார்க்க எங்களால் முடியாது. பிறகு எப்படித் தெரியும்? நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து. நெபுலாவின் நடுவிலிருந்து வரும் ஒளியின் நிறக்கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், ஒரு பக்கச் சுவர் நம்மை நோக்கி வருகிறது, மறு பக்கம் விலகிப் போகிறது. ஆழம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

எங்கள் வளைய நெபுலாவையும் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் படங்களை வைத்து 2013இல் ஆராய்ந்தார்கள். வளையத்தின் ஓட்டைக்குள் ரக்பி பந்து போன்ற வாயு நிறைந்திருக்கிறது. அதன் ஒரு முனை ஏறத்தாழ நம்மைப் பார்த்தபடி, மறு முனை அந்தப் பக்கமாக. அதாவது வளையம் உண்டு, அது ஒரு இடுப்புப் பட்டி. நான் பட்டியைச் செய்துவிட்டு ஆளை விட்டுவிட்டேன்.

கம்பிக்குப் போன காசு பெரிய காசில்லை. அந்த மாதிரியின் படம் கைக்குக் கை மாறி, மூன்று பள்ளிக்கூடங்களில் அதையே திருப்பிச் செய்தார்கள். போன மாதம் பார்த்த கம்பிக்கும் அதுதான் பாட்டன் என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாவற்றையும் சுழற்சியின் தலையில் போடுவது

"சுத்துறதாலை சப்பையாகுது சேர்" என்பார்கள். அவ்வளவு வீங்கிய நட்சத்திரம் தனியே வேகமாகச் சுழலாது. கைகளை விரித்தால் சுழற்சி மெதுவாகும் அதே கணக்கு. முழு உருண்டையாகத் தெரியும் கோள் நெபுலாக்கள் ஐந்தில் ஒன்று அளவுதான். மற்றவை நீளமாகவோ இரு மடலாகவோ இருக்கும். அதற்குப் பல இடங்களில் காரணம் பக்கத்தில் சுற்றும் துணை நட்சத்திரம். அது வாயுவை இடுப்புப் பக்கமாக அடர்த்தியாக்கிவிட, வேகக் காற்று இரண்டு முனைகளாலும் பிய்த்துக்கொண்டு போகும். பலூனின் நடுவில் நூல் கட்டி ஊதிப் பாருங்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி 2023இல் எடுத்த படத்தில் வளைய நெபுலாவுக்கு வெளியே பத்து அளவில் மெல்லிய வில்கள் தெரிந்தன, ஏறத்தாழ 280 வருடத்துக்கு ஒன்றாக. அங்கேயும் ஒரு துணையின் கைவேலை என்றுதான் கருதுகிறார்கள்.

நடுவில் பளிச்சென்று இருப்பவரைச் சொந்தக்காரர் ஆக்குவது

தெற்கு வளைய நெபுலாவின் நடுவில் இரண்டு நட்சத்திரங்கள். வாயுவைக் கழற்றியது மங்கலானவர். 2022இல் வெப் பார்த்தபோது அவர் தூசியைப் போர்த்துக்கொண்டு இருந்தார்.

நண்டு நெபுலாவைக் கூட்டத்தில் சேர்ப்பது

வேண்டாம். அது 1054இல் வெடித்துத் தெரிந்த சுப்பர்நோவாவின் மிச்சம்.

படத்து நிறத்தைக் கண்ணில் தேடுவது

தொலைகாட்டியில் வளைய நெபுலா சாம்பல் நிறம். யாரோ சுருட்டுப் புகையை வளையமாக ஊதிவிட்டது போல. நிறத்தில் ஏமாறுவது புதிதில்லை: வானியலாளர் ஹகின்ஸ் 1864இல் ஒரு நெபுலாவின் நிறமாலையில் கண்ட பச்சைக் கோடு ஒன்றைப் புது மூலகத்தின் கோடு என்று நம்பி 'நெபுலியம்' என்று பெயரே வைத்தார்கள். அது இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன் என்று 1927இல் பௌதிகவியலாளர் போவன்தான் காட்டினார்.

லீவு என்பதால் போயா நாளில் கூட்டிப்போவது

முழுநிலவு ஐயா! ஹீலிக்ஸ் நெபுலா 650 ஒளியாண்டு அளவில், இந்த வகையில் மிகக் கிட்ட இருப்பவற்றில் ஒன்று. ஆனாலும் அதன் ஒளி அகலப் பரந்து மங்கிக் கிடக்கிறது. நிலா வெளிச்சத்தில் காரைநகர்க் கடற்கரையில் நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு, கடைசியில் எல்லாருக்கும் நிலாவையே காட்டி அனுப்பினேன்.