தண்ணீரைக் கண்டாலே ஓடும் நாயைக் குளிப்பாட்டுவது எப்படி?

வாளியைக் கையில் எடுத்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கும் நாய்களில் பல, மழை பெய்தால் ஆசையாக நனையும். சேற்றுக் குட்டையைக் கண்டால் விழுந்து புரளும். அவற்றுக்குத் தண்ணீர் மேல் பயமில்லை, குளிப்பாட்டும் விதத்தின் மேல்தான் பயம். இது தெரியாமல் ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான்: இரண்டு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள், ஒருவர் ஊற்றுவார், மூன்று பேரும் தொப்பலாக நனைவார்கள், நாய் பாதி நுரையோடு வீடு முழுக்க ஓடும்.

இங்கே சொல்லும் முறைக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இன்றே கழுவியாக வேண்டிய நிலைமை என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

எது பயமுறுத்துகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

குளிப்பாட்டும் எண்ணமே இல்லாத ஒரு நாளில், கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனி நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

காய்ந்த குளியலறைக்குள் நாயை நடக்க விடுங்கள். முதுகைத் தாழ்த்தி, கால்களை அகட்டி, நகத்தை ஊன்றி நடக்கிறதா? அப்படியென்றால் வழுக்கல்தான் சிக்கல். மிக அதிகமாகக் காணப்படுவதும், மிகச் சுலபமாகத் தீர்வதும் இதுதான். நிற்கப் பிடிமானம் இல்லாதபோது தலையில் தண்ணீரும் விழுந்தால் எந்த மிருகமும் தப்பிக்கத்தான் பார்க்கும்.

அடுத்து, நாய் பக்கத்து அறையில் இருக்கும்போது குழாயைத் திறந்து பாருங்கள். காதை மடக்கிக்கொண்டு எழுந்து போனால் சத்தம்தான் காரணம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அதற்கு மேலும் வெகுதூரம் கேட்கும். நம் காதுக்கு இதமான ஷவர் சத்தம் அதற்குச் சீறலாக இருக்கலாம். காலி வாளியில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் மோசம்.

பிறகு, வெதுவெதுப்பான ஈரத் துணியால் முதுகைத் தொடுங்கள். தோல் சிலிர்த்து விலகினால் ஈரம் பிடிக்கவில்லை. கடைசியாக, கழுத்துப்பட்டையில் இரண்டு விரலை நுழைத்துப் பிடியுங்கள். அதற்கே பின்வாங்கினால், பிடிபடுவதற்குத்தான் பயம். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம். அப்போது வழுக்கலை முதலில் சரிசெய்யுங்கள், மற்றவை தானாகவே பாதி குறையும்.

இதுவரை ஒழுங்காகக் குளித்துவந்த நாய் திடீரென்று முரண்டு பிடித்தால் மட்டும் இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம். காதில் சீழ், மூட்டு வலி, முடிக்குள் மறைந்திருக்கும் புண் என்று ஏதாவது இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயத்தை எப்படிப் படிப்பது

உறுமலும் கடியும் கடைசியில்தான் வரும். அதற்கு வெகு முன்பே நாய் சொல்லிவிடும்: உணவு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், வாலை இடுக்கும். இதில் எதைப் பார்த்தாலும் ஒரு படி பின்னால் போங்கள்.

ஏமாற்றுவது ஒன்று உண்டு. சில நாய்கள் சிலை மாதிரி அசையாமல் நிற்கும். ‘பழகிவிட்டது’ என்று நினைத்து மளமளவென்று ஊற்றிவிடுவார்கள். அது பழக்கமில்லை, உறைந்து போயிருக்கிறது. சோதிக்க எளிய வழி, பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே நீட்டுவது. பசியோடு இருக்கும் நாய் அதை வாங்க மறுத்தால், பயம் எல்லை தாண்டிவிட்டது.

தேவையானவை

- குளியலறையில் நாய் நிற்கும் இடம் முழுவதையும் மூடும் அளவுக்கு ரப்பர் பாய். அடியில் தரையைப் பற்றும் உறிஞ்சிகள் உள்ளதாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் தடித்த துண்டை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். காய்ந்த துண்டு நகர்ந்துவிடும்.
- பிளாஸ்டிக் மக் ஒன்று, வாளி இரண்டு. நடுத்தர அளவு நாய்க்கு 20 லிட்டர் வாளி இரண்டு தேவைப்படும். அடர்ந்த முடி என்றால் மூன்றாவது நிரப்பல்.
- நாய்களுக்கான ஷாம்பு, வாசனை குறைவானது. மனிதத் தோல் அமிலத்தன்மை உள்ளது, அதன் பிஹெச் 5.5 ஒட்டி இருக்கும். நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. அதனால் நம் ஷாம்பு அதற்கு வறட்சியும் அரிப்பும் தரும், குழந்தைகள் ஷாம்புவாக இருந்தாலும்.
- முகத்துக்கு ஒரு சிறிய துணி, துவட்ட மூன்று துண்டுகள், பிரஷ்.
- எலும்பு நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி, பட்டாணி அளவுத் துண்டுகளாக ஒரு கிண்ணம். வேறு எப்போதும் கொடுக்காமல் இதற்கென்றே வைத்திருங்கள்.
- நக்கும் பாய் ஒன்று. சுவரில் ஒட்டும் வகை வசதி. அதன் மேல் தயிரோ பீனட் பட்டரோ தடவிவிட்டால் நாய் நக்கிக்கொண்டு நிற்கும். பீனட் பட்டர் டப்பாவில் சைலிட்டால் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

பயிற்சி நாட்கள்

எல்லாப் படிக்கும் பொதுவான விதி ஒன்று. பயமுறுத்தும் பொருள் முதலில், தின்பண்டம் அதற்குப் பின்னால். மக்கைக் காட்டு, பிறகு கொடு. குழாயைத் திற, பிறகு கொடு. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: தின்பண்டத்தைக் காட்டிக் குளியலறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஊற்றிவிடுவார்கள். நாய் முட்டாள் இல்லை. நான்கு தடவை இப்படி நடந்தால் கோழித் துண்டைக் கண்டாலே ஓட ஆரம்பிக்கும். அதன் கணக்கில், கோழி வந்தால் குளியல் வரும்.

ஒரு அமர்வு இரண்டு, மூன்று நிமிடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கதவு திறந்தே இருக்கட்டும். நாய் வெளியே போனால் பின்னால் போய் இழுத்து வராதீர்கள்.

1. பாய். ரப்பர் பாயை முதலில் கூடத்தில் விரியுங்கள். நாய் அதில் கால் வைத்ததும் கோழித் துண்டு கொடுங்கள். நான்கு காலையும் வைத்துச் சாதாரணமாக நின்றால், பாயைக் குளியலறை வாசலுக்கும், மறுநாள் உள்ளேயும் நகர்த்துங்கள். நக்கும் பாயையும் இப்போதே அங்கே ஒட்டிவிடலாம்.

2. காலி மக். பாயில் நிற்கும்போது மக்கைத் தொலைவில் காட்டி, கொடுத்து, மறைத்துவிடுங்கள். மெல்ல மெல்ல அருகில் கொண்டுவந்து, காலி மக்கால் முதுகைத் தொடுங்கள், ஊற்றுவது போலச் சாய்த்துக் காட்டுங்கள். அபத்தமாகத் தோன்றும். ஆனால் தலைக்கு மேலே உயரும் கைதான் பல நாய்களுக்கு உண்மையான பயம்.

3. சத்தம். ஒருவர் பக்கத்து அறையில் குழாயை மெல்லிய ஓட்டத்தில் திறக்கட்டும், நீங்கள் பாயில் நாயோடு இருங்கள். சத்தம் வந்ததும் கோழித் துண்டுகள், நின்றதும் அவையும் நிற்கும். சத்தத்தில் நடுங்கும் நாய்க்கு இந்தப் படியை வேகப்படுத்த முடியாது. ஆனால் தாண்டிப் போக முடியும்: குளிப்பாட்டும் அன்று வாளிகளை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டால் குழாயே தேவையில்லை.

4. ஈரம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் பின்னங்காலைத் துடையுங்கள். அடுத்த நாள் துணியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சொட்டட்டும். அதற்கடுத்து அரை மக் தண்ணீரைப் பாதத்தில் மட்டும் ஊற்றுங்கள். பாதத்திலிருந்து தொடை, தொடையிலிருந்து முதுகு. முகத்துக்குப் போகாதீர்கள்.

ஒரு படியில் நாய் தயங்காமல் மூன்று அமர்வுகள் நின்றால் அடுத்ததற்கு நகருங்கள். தயங்கினால் முந்தைய படி. வாலாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடம்பு தளர்ந்து, கொடுப்பதை வாங்கித் தின்றால் போதும்.

குளிப்பாட்டும் நாள்

வெளியே நன்றாக ஓட விட்டு, களைப்பு ஏறி, மூச்சு வாங்குவது அடங்கியதும் ஆரம்பியுங்கள். சாப்பாடு கொடுத்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வயிறு நிறைந்த நாய்க்குக் கோழித் துண்டு எடுபடாது. உண்ணிக்கோ தெள்ளுப்பூச்சிக்கோ கழுத்தில் சொட்டு மருந்து விட்டிருந்தால் உறையில் குளியலுக்குச் சொல்லியுள்ள இடைவெளியைப் பாருங்கள். பொதுவாக முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது.

முதல் வேலை காய்ந்த முடியை வாருவது. சிக்கு விழுந்த முடி நனைந்தால் இறுகித் தோலை இழுக்கும், உள்ளே ஷாம்புவும் தங்கிவிடும். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு இந்த மூன்றிலும்தான் சிக்கு ஒளிந்திருக்கும்.

தண்ணீர் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் முன்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. உள்ளங்கையை நம்பாதீர்கள், அதற்குச் சூடு மரத்துப் போயிருக்கும். ஜில்லென்ற தண்ணீர் பயத்தைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. சில நாய்களுக்கு அதனால் வால் அடிப்பகுதி வலித்து, சில நாள் வாலைத் தூக்க முடியாமல் தொங்கவிடும்.

ஷாம்புவை நேரடியாக ஊற்றாமல், ஒரு மக்கில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து வையுங்கள். சீக்கிரம் பரவும், அலசுவதும் எளிது. உறையில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்து ஷாம்பு என்றால் அவர் சொன்னபடிதான்.

இனி வரிசை:

1. நக்கும் பாயில் தயிர் தடவி, நாயை ரப்பர் பாயில் நிறுத்துங்கள். நெஞ்சின் கீழே ஒரு கை தாங்கலாக இருக்கட்டும். சங்கிலியைக் குழாயில் கட்டிவிடவே கூடாது. வழுக்கி விழுந்தால் கழுத்து இறுகும்.

2. பின்னங்கால்களிலிருந்து தொடங்கி, இடுப்பு, முதுகு, தோள் என்று முன்னேறுங்கள். மக்கின் விளிம்பு முடியைத் தொட்டபடி, உயரத்திலிருந்து கொட்டாமல் வழிய விடுங்கள். சத்தமும் இருக்காது, தெறிப்பும் இருக்காது. தலை நனைந்தால் நாய் உடனே உதறும், அதனால் கழுத்தோடு நிறுத்துங்கள். தெள்ளுப்பூச்சி இருக்கும் நாய்க்கு மட்டும் விதிவிலக்கு: நனைந்த கழுத்தைச் சுற்றி முதலில் நுரை வளையம் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சிகள் முகத்துக்கு ஏறும்.

3. கலக்கிய ஷாம்புவைத் தடவி, முடி வளரும் திசையிலேயே விரல்நுனியால் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் நீண்ட முடி சிக்காகும். இரண்டு நிமிடம் போதும். மருந்து ஷாம்பு என்றால் பெரும்பாலும் பத்து நிமிடம் ஊற வேண்டும். அந்த நேரத்துக்காகத் தயிரில் பாதியை மிச்சம் வையுங்கள்.

4. அலசுங்கள். தேய்த்ததைவிட இரண்டு மடங்கு நேரம். இம்முறை கழுத்திலிருந்து கீழ்நோக்கி. குளித்த மறுநாள் நாய் சொறிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் ஷாம்புவைக் குறை சொல்வார்கள்; அலசியது போதாமல் இருப்பதே வழக்கமான காரணம். அக்குள், வயிறு, விரல் இடுக்கு மூன்றையும் விரலால் பிரித்து ஊற்றுங்கள். வழியும் நீர் தெளிந்து, முடியில் வழவழப்பு போகும் வரை.

5. முகம் கடைசியில், பிழிந்த துணியால் மட்டும். ஷாம்பு வேண்டாம். காது மடலின் வெளிப்புறத்தைத் துடையுங்கள், துளைக்குள் தண்ணீர் போக விடாதீர்கள். காதில் பஞ்சு வைக்கச் சிலர் சொல்வார்கள். தலையில் தண்ணீர் ஊற்றாதபோது அது தேவையே இல்லை, வைக்கப் போய் நாயை மிரட்டியதுதான் மிச்சமாகும்.

நடுவில் நாய் கடுமையாக மிரண்டால் வேலையை முடிக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நுரை போட்ட இடத்தை மட்டும் அலசிவிட்டு நிறுத்துங்கள். மீதி உடம்பு அடுத்த வாரம். அரைக் குளியலால் எந்த நாய்க்கும் கெடுதல் இல்லை.

துவட்டுவது

வெளியே விடுவதற்கு முன் அது உதறட்டும், சில விநாடிகளில் நிறையத் தண்ணீரை அதுவே எறிந்துவிடும். பிறகு துண்டை அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். டிரையர் என்றால் குறைந்த சூடு, ஓர் அடி தள்ளி, ஒரே இடத்தில் நிற்காமல். அதன் சத்தத்துக்கும் மேலே சொன்ன அதே பழக்கம் தேவை. பழகாத நாய்க்கு மூன்று துண்டும் காற்றோட்டமான அறையும் போதும். அடர்ந்த உள்முடி உள்ள நாயின் தோல் வரை காய்ந்ததா என்று விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் தங்கினால் அந்த இடம் சிவந்து, புண்ணாகும்.

குளித்ததும் பல நாய்கள் பைத்தியம் பிடித்தது போல் வட்டமடித்து ஓடும். விட்டுவிடுங்கள், தோட்டத்துக் கதவை மட்டும் சாத்திவையுங்கள்.

சாதாரண நாய்க்கு மாதம் ஒரு குளியல் தாராளம். ஆனால் பயிற்சி அமர்வு மாதத்தில் ஏழெட்டாவது இருக்க வேண்டும், அதில் தண்ணீரே வராத அமர்வுகள் அதிகம் இருக்கட்டும். குளியலறை என்றாலே குளியல் என்ற கணக்கு அப்போதுதான் உடையும்.

இன்றே கழுவியாக வேண்டும் என்றால்

சேறு என்றால் காய விடுங்கள். காய்ந்த சேறு பிரஷ்ஷில் உதிரும், ஈரச் சேறு பரவும். மிச்சத்தை ஈரத் துணியால் பகுதி பகுதியாகத் துடையுங்கள். கால் மட்டும் அழுக்கென்றால், மக்கில் வெதுவெதுப்பான நீர் எடுத்து ஒவ்வொரு பாதமாக முக்கியெடுத்தால் போதும். மலத்தில் புரண்டு வந்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் கலக்கிய ஷாம்பு.

பெயின்ட், எண்ணெய், பூச்சிமருந்து போன்றவை பட்டிருந்தால் நிலைமை வேறு. நக்க விடாதீர்கள், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் போட்டுத் துடைக்காதீர்கள், உடனே மருத்துவரை அழைத்து என்ன பட்டது என்று சொல்லுங்கள். கடிக்க வரும் அளவுக்குப் பயப்படும் நாய்க்கும் மருத்துவரே வழி. தேவைப்பட்டால் குளியலுக்கு முன் கொடுக்க மருந்து எழுதித் தருவார். மனிதர்களின் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இப்படி வேறு வழியின்றி வலுக்கட்டாயமாகக் கழுவ நேர்ந்தால், அதற்குப் பயிற்சிப் பாயைப் பயன்படுத்தாதீர்கள். முடிந்தால் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு நாள் குளியலறைப் பக்கம் கூப்பிடாமல் இருந்து, மூன்றாம் நாள் கூடத்தில் பாயை விரித்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.