கொழுந்து மாடியின் எதிரொலியைக் கிட்டாருக்கு ஏற்றுவது

போஸ்ட்-ராக் என்ற மெதுவாக விரியும் கிட்டார் இசையின் இருட்டு பாதிக்கு மேல் இடத்திலிருந்து வருவது. ஒலி எங்கே போய் முட்டித் திரும்புகிறது என்பதுதான் விஷயம். பெடலுக்குக் காசு சேர்க்கும் முன் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரின், அதாவது ஆலையின், மேல்மாடியை ஒருதரம் பாருங்கள். கொழுந்து வாட்டுகிற அந்த நீளமான பலகைத் தளம், தகரக் கூரை, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். மூடிக்கிடக்கும் ஸ்டோர் என்றால் இன்னும் நல்லது. அங்கே பலூனை உடைத்து, அதன் எதிரொலியைப் பதிவில் பிடித்துவந்து லயத்து அறையில் வாசிக்கும் கிட்டாருக்கு மாட்டலாம். கன்வல்யூஷன் ரிவேர்ப் என்பது இதுதான்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கி, கொழுந்து இல்லாத நாளில் போங்கள். பச்சைக் கொழுந்து பரப்பியிருந்தால் மெத்தை மாதிரி ஒலியைக் குடித்துவிடும். காற்றாடி ஓடக்கூடாது. தகரத்தில் தூறல்கூட விழக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன் பக்கம் அப்படி நாள் அமைவது கஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் காய்ந்திருக்கும்.

பலூனைப் பெரிதாக ஊதுங்கள், சின்னதில் அடி ஒலி இருக்காது. ரெக்கோடரை ஆறேழு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வையுங்கள். கையில் பிடித்தால் துணி உரசலும் பதிவாகும். 48 கிலோஹேட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. போனில் எடுத்தால் ஓட்டோ கெயினை (ஒலியளவைத் தானே கூட்டிக் குறைப்பது) அணைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வெடிச்சத்தத்தை அமுக்கி, பின்னால் தேயும் வாலை அதுவாகவே தூக்கிவிடும். மாடியின் உண்மையான தேய்வு போய்விடும். ஐந்து பலூன் உடையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஏழெட்டு விநாடி மூச்சுக்கூட விடாமல் நில்லுங்கள். மீட்டரில் உச்சம் சிவப்பைத் தொட்ட பதிவைத் தூக்கி எறியுங்கள்.

வீட்டில் வெட்டும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். வெடிப்புக்கு முன்னுள்ள மௌனத்தை ஒட்ட நறுக்குங்கள், விட்டால் எதிரொலி பிந்தி வரும். வால் இரைச்சலில் கரையும் இடத்தில் ஃபேட் கொடுங்கள். பதிவில் 100 ஹேட்ஸ் கரண்ட் முனகல் இருந்தால், கிட்டாரில் அதே சுருதி வரும்போதெல்லாம் அது மட்டும் ஊளையிடும்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தனி ட்ராக் போட்டு, அதிலுள்ள ரியாவேர்ப் என்ற ரிவேர்ப் கருவியில் கோப்பை ஏற்றி, கிட்டாரை அந்த ட்ராக்குக்கு அனுப்புங்கள். வெட் (எதிரொலி) முழுக்க, டிரை (நேரடி ஒலி) பூச்சியம். 150 ஹேட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹேட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். இருட்டு அந்த மேல்வெட்டில்தான் இருக்கிறது. டிலேயை (ஒலியைச் சற்றுப் பிந்தித் திரும்பச் சொல்வது) ரிவேர்புக்கு முன் வையுங்கள்: வேகம் 75 பிபிஎம் (நிமிடத்துக்கு 75 தட்டு) என்றால் கால் நோட் 800 மில்லிவிநாடி, புள்ளி வைத்த எட்டாம் நோட் 600.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார் உறுமினால் நாற்காலியோடு மெல்லத் திரும்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் அடங்கும். லெப்டொப்பின் சார்ஜரையும் கழற்றுங்கள். குளிரில் இறுகிய கம்பி, கைச்சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். கால் மணி நேரம் வாசித்துவிட்டுச் சுருதி சேருங்கள்.

டிரம் இல்லையா? தோட்டத்துத் தப்பு மேளம் போதும். மூடுபனியில் தோல் தொய்ந்து ‘பொத் பொத்’ என்னும். காய்ந்த சருகில் தீ மூட்டி, தோலைக் கிட்டக் காட்டி, விரலால் தட்டத் தட்டக் கணீரென்று ஏறும்வரை காய்ச்சுங்கள். நெருப்பில் ஒரே இடத்தில் பிடித்தால் தோல் வெடிக்கும், சுற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு தாளச் சுற்றுக்கு ஓர் அடி மட்டும் அடித்து, அதையும் மாடியின் ரிவேர்ப் ட்ராக்குக்கு அனுப்புங்கள். அடுத்த டேக்குக்குள் தோல் மறுபடி தொய்யும், சருகைக் கிட்டவே வைத்திருங்கள்.